மல்லசமுத்திரம் ஏன் சிவப்பானது?

மல்லசமுத்திரம்
வெள்ளிக்கிழமை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஜெனிஷ் அவர்களுக்கு,

மாமனார் கஸ்பார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நான் இங்கே நலம். நலம் என்று எழுதுவதற்கு முன் பேனாவை நிறுத்தி என்னை நானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நலம்தான், சந்தேகம் வேண்டாம். ஓசூரில் நீங்களும் டெபோராவும் சுகமாக இருக்கவும், உங்கள் வங்கி மேலாளருக்கு நல்ல புத்தி வரவும் ஆண்டவரை மன்றாடுகிறேன். கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் வங்கி முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பதற வேண்டாம். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் ஃபோனுக்கு வருவதை உங்களுக்கு முன்னால் டெபோரா படித்துவிடுவாள். அவள் அம்மாவும் என் சட்டைப் பையை அப்படித்தான் பார்ப்பாள், குற்றமாகச் சொல்லவில்லை. தபாலில் வரும் உறையைத்தான் இந்தக் காலத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனவே படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்களிடம், எதைத் தொட்டாலும் ஃபோன் அடித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று சற்றுச் சூடாகப் பேசி, மாடியறையில் இருக்கும் அந்த இன்டர்நெட் பெட்டியை உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நானே தூக்கித் தெருவில் வைத்துவிடுவேன் என்றேன் அல்லவா, அந்தப் பேச்சை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெட்டி இருக்கட்டும். நான் இருக்கும்வரை அது இருக்கட்டும். இப்படித் தலைகீழாக மாறியதற்குக் காரணம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும், காரணம் சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இட்லிப் பானை மட்டும் போய்விட்டது.

மாடியறை சும்மாதானே கிடக்கிறது மாமா, ஊருக்கெல்லாம் நெட் போகிற பெட்டி ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள், அது பாட்டுக்கு இருக்கும் என்று நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். அது பாட்டுக்கு இருக்கவில்லை. பெட்டி வந்த மறுநாளே, கூட்டிப் பெருக்குவதற்காக அதன் பிளக்கைக் கழற்றினேன். மாடிப்படி இறங்குவதற்குள் ஃபோன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டேன், அது என் மில் பழக்கம். சேலத்திலிருந்து மோனிஷா என்று ஒரு பெண். "ஏனுங்க சார், உங்க ஊட்டுல கரண்டு இருக்குதுங்களா?" என்றாள். கையில் பிளக்கோடு நிற்கிறவன் என்ன சொல்வேன்? ஆயுள் முழுக்க நூற்பாலையில் டைம் கீப்பராக உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே வந்தார், யார் எத்தனை முறை டீக்கு நழுவினார் என்று பார்த்தவன் நான். என்னைப் பார்க்க ஓர் ஆள் முளைத்தது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் கேமரா இருக்கிறது என்றே முடிவு கட்டி, மாடிக்குப் போகும்போதெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு, தலைசீவி, ஒரு நாள் பவுடர் கூடப் போட்டுக்கொண்டு போனேன். கேமரா எல்லாம் இல்லீங்க சார், பெட்டி உயிரோட இருக்குதா, சூடாகுதான்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும் என்று அந்தப் பெண் பிறகு ஒரு நாள் சொன்னாள். அதற்குள் பவுடர் டப்பா பாதி காலியாகிவிட்டது.

மார்கழியில் இட்லி மாவு பொங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டெபோராவின் அம்மா போன பிறகு நானே மாவரைத்து நானே அவித்துச் சாப்பிடுகிறவன். புளிக்காத மாவில் அவித்தால் இட்லி கல்லாக இருக்கிறது. பெட்டியின் தலை வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்து, மாவுப் பாத்திரத்தை அதன் மேல் வைத்தேன். சற்று நேரத்தில் சேலம் கூப்பிட்டது. பெட்டி சூடு ஏறுகிறது, மேலே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லீங்க என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் பாத்திரத்தை எடுத்து, பெட்டிக்குப் பின்னால் சூடான காற்று வருகிற இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். மறுநாள் இட்லி மல்லிகைப்பூ. பக்கத்து வீட்டுத் தறிப்பட்டறைக் கமலவேணி அதைச் சாப்பிட்டுப் பார்த்து, தன் மாவையும் கொண்டுவந்து வைத்தாள். பனி போனதும் மாவு போய் ஜவ்வரிசி வடகம் வந்தது. வெளியில் காயப்போட்டால் அவள் பட்டறைப் பஞ்சு பறந்து வடகத்தில் ஒட்டி, பொரித்தால் தாடி முளைத்த மாதிரி இருக்கும். அறைக்குள் காய்ந்தால் சுத்தமாக இருந்தது. ஆனால் பூனை வந்தது. பூனைக்காக ஆசாரியைக் கூப்பிட்டு, கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி போட்டேன். கதவு சாத்தினாலே போதும், கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். நல்ல யோசனை என்று ஆசாரியும் சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நல்ல யோசனை என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றி, வெந்துகொண்டிருக்கிற நேரத்தில் வடகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு வரலாம் என்று மாடிக்குப் போனேன். ஃபோனைக் கீழே சார்ஜில் போட்டிருந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுக்கிற செங்கல்லை வைக்க மறந்தேன். பங்குனிக் காற்று ஒன்று வந்து கதவை அடித்துச் சாத்தியது. கொக்கி விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தள்ளினேன், உதைத்தேன், தோளால் இடித்தேன். ஆசாரி நல்ல வேலைக்காரர். ஜன்னல் கிடையாது, சுவரில் காற்றுப் போக ஓர் ஓட்டை மட்டும். மேலே சிமெண்ட் ஷீட்டு. பெட்டி ஒரு பக்கம் சூட்டை ஊதிக்கொண்டிருக்கிறது. கமலவேணி, கமலவேணி என்று ஓட்டை வழியாகக் கத்தினேன். அவள் பட்டறையில் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக மண்டியிட்டு, ஆண்டவரே, கரண்ட்டை நிறுத்தும் என்று ஜெபித்தேன். கரண்ட் நிற்கவில்லை. வேண்டாத நாளில் நாலு தடவை நிறுத்துகிறவர்கள் அன்றைக்குப் பார்த்துக் கடமை தவறாமல் இருந்தார்கள்.

மாப்பிள்ளை, மாத்திரை உள்ளே போய் இட்லி உள்ளே போகாவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கை நடுங்க ஆரம்பித்தது, கண் இருட்டியது. அரைகுறையாகக் காய்ந்த வடகத்தைப் பிய்த்துத் தின்றேன். உப்பும் பச்சை மிளகாயுமாக இருந்தது, பரவாயில்லை, ஜவ்வரிசியும் ஒரு மாவுப் பொருள்தானே. கீழே அடுப்பு எரிகிறது, பானையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வேறு. தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தோன்றியது: இந்த உலகத்தில் நான் ஒன்று செய்தால் அடுத்த நிமிடமே தெரிந்துகொள்கிற ஆட்கள் சேலத்தில் இருக்கிறார்கள். எட்டிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், உடனே கீழே ஃபோன் அடித்தது. சந்தோஷத்தில் கை தட்டினேன். பிறகுதான் ஃபோன் கீழே இருக்கிறது, நான் மேலே இருக்கிறேன் என்பது உறைத்தது. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிளக்கை மாட்டினேன், பிடுங்கினேன், மாட்டினேன், பிடுங்கினேன். பெட்டிக்குள் பேட்டரி இருப்பதால் விளக்கு அணையாமல் நிறம் மட்டும் மாறியது. கோபத்தில் மஞ்சள் நிற ஒயர் ஒன்றையும் உருவினேன், எல்லா விளக்கும் சிவப்பாகிவிட்டது. மில்லில் சங்கு ஊதுகிற கணக்கில் உருவுவதும் சொருகுவதுமாக இருந்தேன். ஃபோன் விடாமல் அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா? எடுக்க முடிஞ்சா எடுக்கமாட்டனா? அடிச்சுக்கிட்டே கெடக்காத, ஆள அனுப்பு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த மோனிஷாப் பெண்ணை இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவற்றைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன், உங்களிடம் வேண்டாம்.

அவர்கள் ஆளை அனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளை. திருச்செங்கோட்டிலிருந்து கௌதமன் என்று அவர்களுடைய லைன்மேன், வண்டியில் பறந்து வந்திருக்கிறார். அவர் வரும்போது வாசலில் சிறிய கூட்டம். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள், மளிகைக் கடையில் கார்டு தேய்க்க முடியாதவர்கள், சீரியல் பாதியில் நின்றுபோனவர்கள் எல்லோரும் கஸ்பார் வீட்டில்தான் பெட்டி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே திரண்டிருந்தார்கள். ஒருவர் கூட மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. கௌதமன் ஏறினார், கொக்கியைத் தூக்கினார். வேர்வையில் குளித்து, மீசையில் ஜவ்வரிசியோடு, கையில் மஞ்சள் ஒயரோடு நான். அந்த நிலையிலும் நம் வழக்கம் விடவில்லை. "வாங் தம்பி, காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் மேலேயே சாய்ந்தேனாம். அவர் என்னைக் கீழே இறக்கி, நாட்டுச்சர்க்கரை கரைத்துக் கொடுத்து, அடுப்பை அணைத்தார். பானை கருகி, உள்ளே இட்லி கரித்துண்டாக இருந்தது. அப்புறம் தன் ஃபோனில் சேலத்தைப் பிடித்து என்னிடம் கொடுத்தார். மறுமுனையில் மோனிஷா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சார், இனிமே ஒரே ஒரு தடவ புடுங்குங்க, போதும். நா ஆள அனுப்பிச்சர்றேன்" என்றாள். சரிங் சாமி என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டுமாம். என்ன சார் போடறது என்று கேட்டாள். பூனை என்று போடச் சொன்னேன். போட்டாளா தெரியவில்லை.

நேற்று நல்ல வடகமாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய் அந்த ஆபீஸைப் பார்த்துவிட்டே வந்தேன். ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து சற்று உள்ளே, ஒரு பாத்திரக் கடைக்கு மேலே. சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க நம் ஜில்லாக்கள், ஊருக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் சுகம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு. நாலைந்து பிள்ளைகள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்த நேரத்தில் மோகனூர் மஞ்சளானது. ஒருவரும் கத்தவில்லை, எழுந்து ஓடவில்லை. ஒரு பையன் ஃபோனை எடுத்தான். அந்தப் பக்கத்து லைன்மேனிடம் கரண்டா, கேபிளா, பெட்டியா என்று மூன்றே கேள்வி கேட்டான். பக்கத்திலிருந்தவன் அதற்குள் வேறு வழியாக லைனைத் திருப்பிவிட்டான். மோகனூரில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவருக்கு, இந்த ஊர் நேற்றிலிருந்து சரியில்லை, இந்த ஊரில் மழை, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று, ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டில் கட்டிலாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார். மில்லில் சங்கு ஊதியதும் பாதி நூலை அப்படியே போட்டுவிட்டு ஓடியவர்களைப் பார்த்த எனக்கு இது புதிதாக இருந்தது. எல்லாம் பச்சையாக இருக்கும்வரை இப்படி ஒரு கூட்டம் இருப்பதே ஊருக்குத் தெரியாது, சிவப்பானால்தான் திட்டுவதற்காக நினைக்கிறார்கள் என்றான் அந்தப் பையன், வடகத்தைப் பச்சையாகவே கடித்துக்கொண்டு.

என்னைப் பற்றியும் கேட்டேன். பெட்டி இருக்கிற ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்காரர் 'இதா அஞ்சு நிமிசம்'. அவருடைய அஞ்சு நிமிடம் மத்தியானம் வரை போகுமாம். மோகனூர்க்காரர் 'ஸ்விட்ச் ஆஃப்'. நான் 'ரெண்டாவது மணி'. செவ்வாய்க்கிழமை மல்லசமுத்திரம் சிவப்பாகி, பச்சையாகி, சிவப்பானபோது, மின்தடை இப்படி ஒழுங்காக வராது, இது யாரோ கையால் செய்கிறார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அதோடு ரெண்டாவது மணிக்கு எடுக்கிறவர் எடுக்கவும் இல்லை. உடனே கௌதமனைக் கிளப்பிவிட்டோம் என்று மோனிஷா சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள். திரையில் நம் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பச்சையாக இருந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை, மாப்பிள்ளை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இப்போது கடிதத்தின் நோக்கம். டெபோராவுக்கு இதில் ஒரு சொல் கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே கார் வைத்துக்கொண்டு வந்து என்னை ஓசூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவள் அம்மாவின் முதல் ஆண்டு நினைவுத் திருப்பலியிலிருந்தே அதற்குத்தான் நேரம் பார்க்கிறாள். தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் ஃப்ளாட் நல்ல ஃப்ளாட். ஆனால் ஒன்பதாவது மாடியில் எனக்கு இருக்கிற ஒரே வேலை கூரியர் வாங்கி வைப்பதுதான். லிஃப்டில் ஏனுங்க சௌக்கியமா என்று கேட்டால், என்னமோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் எல்லோரும் மாடி எண்ணைப் பார்க்கிறார்கள். இங்கே எனக்குக் கோயில் இருக்கிறது, கமலவேணியின் தறிச்சத்தம் இருக்கிறது, காலையில் எழுந்தால் செய்ய ஏதாவது ஒரு தப்பாவது இருக்கிறது. நான் தனியாக இருக்கிறேன் என்றுதானே அவள் கவலைப்படுகிறாள்? தனியாக இல்லை என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. ஒரு ஆபீஸே ஷிஃப்ட் போட்டு என்னைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வசதி ஓசூரில் உண்டா? என்னை இங்கேயே விடுங்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

செவ்வாய் சாயங்காலம் அவள் வழக்கம்போல் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வேற ஒண்ணும் விசேசம் இல்லீங்களா என்று கேட்டாள். இங்க என்ன விசேசம் சாமி, எல்லாம் அப்படியே கெடக்குது என்றேன். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. இத்தனை நடிப்புத் திறமை எனக்கு இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போய்விட்டது.

கொக்கியைக் கழற்றிவிட்டேன். ஃபோனைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டுதான் இப்போது குளிக்கவே போகிறேன். ஆகையால் கவலை வேண்டாம். உங்கள் இருவருக்கும் சகல நன்மையும், நல்ல தூக்கமும், ஓசூர்க் குளிரில் சளி பிடிக்காத உடம்பும் தரும்படி மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா அக்சிலியா சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கம். அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்,
சூ. கஸ்பார்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டெபோரா, துணிப்பெட்டியும் லேப்டாப்புமாக. உள்ளே வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், பானை எங்கேப்பா என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, பெட்டி வைக்கும்போது இரண்டாவது நம்பர் என்று அவளுடையதை நீங்கள்தான் கொடுத்தீர்களாமே. நான் எடுக்காததால் மோனிஷா அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கரண்டு இருக்குதான்னு பாக்கச் சொல்ல முடியுங்களா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "மிசினை உடுங்க, எங்கப்பா ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துருவாரு, எடுக்கலீன்னா என்னமோ ஆயிருச்சு, மொதல்ல ஆள அனுப்புங்க" என்று இவள் அழுதாளாம். நீங்களும் வங்கியில் சொல்லிவிட்டுக் காரை எடுத்தீர்களாம். தர்மபுரி தாண்டும்போது நான் பத்திரம் என்று சேலத்திலிருந்து செய்தி வந்ததும், அப்பா தானாகச் சொல்லட்டும், பார்ப்போம் என்று சொல்லி உங்களைத் திரும்பச் சொன்னவளும் இவள்தானாம். செவ்வாயிலிருந்து இன்று காலை வரை காத்திருந்து, பொறுக்க மாட்டாமல் வந்திருக்கிறாள். ஆக, மேலே நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

பயந்ததுபோல் என்னை அள்ளிக்கொண்டு போகவும் இல்லை. இந்த ஊரிலேயே நம் வீட்டில்தான் நெட் நன்றாக வருகிறது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், நான் இங்கேயே இருக்கப் போகிறேன் என்கிறாள். மாடியறையில் மேசை போடச் சொல்லியிருக்கிறாள். சனி ஞாயிறு நீங்கள் வருவீர்களாம். வாருங்கள், மாப்பிள்ளை, சந்தோஷம்.

ஒன்றே ஒன்று. எனக்குத் தவறிய அழைப்பு என்பதே கிடையாது, அதனால் யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கிற பழக்கமும் இல்லை. அன்றைக்குக் கீழே விடாமல் அடித்த ஃபோன், முதல் சில தடவைதான் சேலமாம். அதற்கப்புறம் முழுக்க முழுக்க டெபோராவாம். அறிவிருக்குதா என்று நான் கத்தியது அவளைப் பார்த்துத்தான். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.